உங்க ரிப்போர்ட்ட நம்பி பீன்யாவுல அசிங்கப்பட்டது பத்தி புகார்

சப்போர்ட் மேனேஜர் அவர்களுக்கு,

வணக்கம். என்னடா தமிழ்ல வந்திருக்குன்னு பாக்காதீங்க, உங்க சேல்ஸ் தம்பி அல்சூர்ல எங்க ஆபீசுக்கு வந்து உக்காந்து தமிழ்லதான் சர்வர கண்காணிச்சு ரிப்போர்ட் போடற உங்க டூல எங்க தலையில கட்டினாரு, அதனால அவரையே கூப்பிட்டு படிக்கச் சொல்லுங்க. உங்க போர்ட்டல்ல இங்கிலீஷ்ல போட்ட டிக்கெட் எல்லாம் "ரிசால்வ்டு"ன்னு தானா மூடிக்குது.

நாங்க பெங்களூர்ல சின்ன ஐடி சர்வீஸ் கம்பெனி, இங்க பீன்யா, பொம்மசந்திரா பக்கம் இருக்கற ஃபேக்டரிங்களுக்கு சர்வர், நெட்வொர்க், பேக்கப்னு பாத்துக்கறோம். மூணு மாசத்துக்கு ஒரு தடவ ஒவ்வொரு கிளையன்ட் ஓனரோடயும் ரிவ்யூ மீட்டிங் இருக்கும், அதுக்கு ரிப்போர்ட் ரெடி பண்றதுக்குள்ள பசங்களுக்கு நாக்கு தள்ளிடும். ஒரு பட்டன அழுத்தினா கிளையன்ட் கையில அப்படியே குடுக்கற மாதிரி வரும்னு நீங்க சொன்னதால தான் ஒரு வருஷத்துக்கு மொத்தமா, 18% ஜிஎஸ்டியோட சேத்து பணம் கட்டினோம்.

இப்ப கதைக்கு வரேன். பீன்யா கிளையன்ட் சர்வர்ல பேட்ச், அதாவது சாஃப்ட்வேர் அப்டேட், போடறதுக்கு ஞாயித்துக்கிழம காலைல 2 மணியிலேர்ந்து 6 மணி வரைக்கும் மெயின்டனன்ஸ் விண்டோ. கான்ட்ராக்ட்லயே எழுதியிருக்கு, அந்த நேரத்துல சர்வர் இறங்குனா டவுன்டைம் கணக்குல வராது. உங்க ஸ்க்ரீன்லயும் 2 டு 6னு தான் போட்டோம், 2 டு 6னு தான் காட்டுது. ஆனா உள்ளுக்குள்ள உங்க டூல் அத யுடிசி நேரமா (உலகப் பொது நேரம், நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி பின்னாடி) எடுத்துக்குது, அதாவது நம்ம ஊரு நேரத்துக்கு காலைல 7.30லேர்ந்து 11.30. அதனால விடியக்காலைல நாங்க சொல்லிட்டு பண்ண ரீஸ்டார்ட் எல்லாம் அவுட்டேஜ்னு விழுந்திருக்கு. வாரத்துக்கு முக்கா மணி நேரம்னு வச்சுக்கோங்க, நாலு ஞாயிறுக்கு 180 நிமிஷம், 30 நாள் மாசத்துல அப்டைம், அதாவது சர்வர் ஓடின நேரம், 99.58%. கான்ட்ராக்ட்ல நாங்க குடுத்த வாக்கு 99.9%, அதுக்கு மாசத்துல 43 நிமிஷத்துக்கு மேல இறங்கவே கூடாது. ரிப்போர்ட்ல முதல் பக்கத்துலயே செவப்பு கலர்ல அந்த நம்பர்! அந்த கிளையன்ட் ஓனர் பெரியவர், கோயம்புத்தூர்காரர், கண்ணாடிய கழட்டி வச்சுட்டு "ஏனுங் தம்பி, அப்ப இந்த மாச பில்லுல எவ்வளவு கழிக்கறீங்க"ன்னு கேட்டாரு.

இதுக்கு உங்க ஆளு சொன்ன தீர்வு: "நீங்களே யுடிசிக்கு மாத்திப் போட்டுக்கோங்க சார்." போட்டுப் பாத்தோமே. நம்ம 2 மணின்னா யுடிசில சனிக்கிழம ராத்திரி 8.30, முடியறது நடுராத்திரி தாண்டி 12.30, 24 மணி கணக்குல 20:30லேர்ந்து 00:30. ஆரம்ப நேரத்த விட முடியற நேரம் கம்மியா இருக்குன்னு உங்க ஃபார்ம் ஏத்துக்கவே மாட்டேங்குது. இத நீங்க டெஸ்ட் பண்ணீங்களா இல்லையான்னு எனக்கு நிஜமாவே சந்தேகம்.

இதவிட மோசம் பேட்ச் பக்கம். அங்க மெஷின் ஷாப்புல சிஎன்சி மெஷினோட (கம்ப்யூட்டர் ஓட்டற கடைசல் மாதிரி மெஷின்) இணைச்ச பழைய விண்டோஸ் 10 பிசிங்க இருக்கு, 2025 அக்டோபர் 14ஓட மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் முடிஞ்சுபோச்சு, காசு கட்டி வாங்கற நீட்டிப்பும் அவங்க எடுக்கல. அப்டேட் வர்றதே நின்னுபோச்சா, அதனால "விடுபட்ட பேட்ச்: 0", அதனால 100% பச்சை. மேல ஏஐ எழுதின சுருக்கத்துல "பாதுகாப்பு நிலை சிறப்பு, உடனடி நடவடிக்கை தேவையில்லை"ன்னு வேற. அந்த மீட்டிங்குக்கு நாங்க போனதே இந்த பிசிங்கள மாத்த பட்ஜெட் கேக்கத்தான். பெரியவர் அந்தப் பக்கத்த விரல் வச்சு காட்டி, "உங்க ரிப்போர்ட்லயே எல்லாம் சிறப்புன்னு இருக்குதே, அப்புறம் புதுசு எதுக்குங்"ன்னாரு. என்னத்த சொல்றது? நல்லா பண்ண வேலைய செவப்புல போட்டுட்டு, பயப்பட வேண்டிய எடத்துல பச்சைய பூசி வச்சிருக்கீங்க. சப்போர்ட் முடிஞ்ச ஓஎஸ்ஸ தனியா ஒரு வரில காட்டறது அவ்வளவு கஷ்டமா?

மீதியெல்லாம் சின்னது, ஆனா மொத்தமா சேந்தா தலவலி. கிளையன்ட் பதிலுக்காக நிறுத்தி வச்ச டிக்கெட்டுக்கும் எஸ்எல்ஏ (இத்தன நேரத்துல முடிப்போம்னு குடுத்த வாக்கு) கடிகாரம் ஓடிக்கிட்டே இருக்கு, கிளையன்ட் பக்கம் ஒருத்தர் லீவுல ஊருக்கு போனா எங்க சராசரி நேரம் ஏறிடுது. ஏப்ரல் 1 விடியக்காலைல வந்த டிக்கெட் மார்ச் 31ன்னு போன நிதியாண்டுல போய் உக்காருது, இதுவும் அதே யுடிசி கோளாறுதான். எங்க லோகோ போட காசு வாங்கிட்டு அடில உங்க பேர விட்டு வச்சிருக்கீங்க. கடைசில பசங்க ராத்திரி உக்காந்து எல்லாத்தையும் எக்செல்ல எடுத்து கையால திருத்தறாங்க, அதுக்கு எதுக்கு உங்களுக்கு சந்தா?

எனக்கு வேண்டியது இதுதான். டைம்சோன் கோளாற சரி பண்ணி போன குவார்ட்டர் ரிப்போர்ட்ட புதுசா எடுத்துக் குடுங்க. அந்த 99.58% உங்க டூலோட தப்பு, எங்க சர்வீஸ்ல குறை இல்லன்னு உங்க லெட்டர்ஹெட்ல ஒரு கடிதம் வேணும், பெரியவர்கிட்ட காட்ட. அடுத்த ரிவ்யூவுக்குள்ள ரெண்டும் வரலன்னா பாக்கி இருக்கற மாசங்களுக்கான பணத்த ஜிஎஸ்டியோட கணக்கு போட்டு திருப்பி அனுப்புங்க, ரென்யூவல் மெயில் அனுப்பற வேல வேண்டாம்.

பேசணும்னா சாயங்காலம் 6 மணிக்கு மேல கூப்பிடுங்க. மனுஷங்க யாராவது பேசுங்க, அந்த சாட்பாட்ட அனுப்பாதீங்க. மெயின்டனன்ஸ் விண்டோ ஸ்க்ரீன்ஷாட்டும், எங்க மானிட்டரிங் லாகும், கான்ட்ராக்ட்ல அந்த ஒரு பக்கமும் இதோட இணைச்சிருக்கேன்.

இப்படிக்கு,
அல்சூர்லேர்ந்து உங்க கஸ்டமர்