ஏழ்துறை பூம்புகார் அல்ல: சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயற்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் ‘ஏழ்துறை’ என்ற கற்பனை நகரத்தைப் பற்றி எழுதிய அட்டைகளைப் பொங்கல் விழாக் கண்காட்சியில் பூம்புகார் என்று தலைப்பிட்டு மாட்டி, சிலவற்றின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. ஒட்டச் சொன்னவர்களும் ஒட்டியவர்களும் நீங்கள்தான். நேரில் வந்து பேசுங்கள் என்றீர்கள், வந்தேன். செயலாளர் ஊரில் இல்லை, தலைவருக்கு நேரம் இல்லை, பொருளாளர் இது தன் பொறுப்பில் வராது என்றார். அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். போன வாரம் வந்த வாட்ஸ்அப் செய்திதான் எழுத வைத்தது. உங்களில் இருவரே எனக்கு அனுப்பினீர்கள். 2000 ஆண்டுகளுக்கு முன்பே பூம்புகாரில் மன்னர் கிடையாதாம், சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்த நூறு பேர்தான் ஊரை ஆண்டார்களாம், தமிழனாக இருந்தால் பத்துப் பேருக்குப் பகிர வேண்டுமாம். கூடவே நம் மண்டபத்துச் சுவரின் படம். மேலே உங்கள் ஃபிளக்ஸ்: ‘பூம்புகாரின் பொற்காலம்’. கீழே எங்கள் பிள்ளைகளின் கையெழுத்து. ‘நூற்றுவர்’ என்று எழுதும்போது ஒரு புள்ளி விட்டுப்போனதுகூடப் படத்தில் தெரிகிறது.

அந்த நூறு பேரும் போன ஆடி மாதம் பிறந்தவர்கள். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனின் கற்பனை அவர்கள்.

என் கோரிக்கை ஒன்றுதான். அந்தத் தலைப்பை எடுத்துவிட்டு, ஒட்டியதையெல்லாம் உரித்துவிட்டு, ஏழ்துறையைப் பிள்ளைகள் எழுதியபடியே சித்திரை விழாவில் மறுபடி சுவரில் மாட்டுங்கள். ‘இது கற்பனை நகரம்’ என்று அவர்கள் எழுதியிருந்த முதல் அட்டையையும் சேர்த்து.

மாற்றுவதற்கு முன் அட்டைகளை யாராவது முழுதாகப் படித்தீர்களா என்பது சந்தேகம். அதனால் கொஞ்சம் சொல்கிறேன். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குக் கட்டுரைப் பயிற்சியாக, ஒரு வணிக நகரத்தை நீங்களே உண்டாக்குங்கள், அதற்கு வரலாறும் பழக்கவழக்கமும் எழுதுங்கள் என்றேன். ஒரே ஒரு நிபந்தனை: எதை எழுதினாலும் ஏன் அப்படி என்று சொல்ல வேண்டும். தாராவி, சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில் பிள்ளைகள். மும்பையே ஒரு காலத்தில் ஏழு தீவு, 1668இல் இங்கிலாந்து அரசர் அதை ஆண்டுக்கு 10 பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டார் என்று நான் சொன்னதும், “எங்க வீட்டு டெபாசிட்டே அதைவிட அதிகம் மிஸ்” என்று சிரித்தார்கள். அன்றே தங்கள் ஊருக்கும் ஏழு தீவு வைத்தார்கள். கும்பார்வாடாவில் இருக்கும் குஜராத்திப் பள்ளித் தோழன் ஒருவன் களிமண் கொடுத்தான். ஏழ்துறை எழுந்தது.

தீவுகளில் நெல் விளையாது. அப்படியானால் அரிசி எதிர்க்கரை நாட்டிலிருந்துதான் வர வேண்டும். அரிசி அங்கிருந்து வருமானால் அந்த நாட்டோடு சண்டை போட முடியாது. ஒத்திகை நாளில் உங்கள் உறுப்பினர் ஒருவர், “போர் ஒன்றுகூட இல்லையே, வீரம் எங்கே?” என்று கேட்டாரே, நினைவிருக்கிறதா? “சண்டைக்குப் போனா சோறு எங்கேர்ந்து வரும் சார்?” என்று ஒரு பெண் திருப்பிக் கேட்டாள். அதை அதிகப்பிரசங்கித்தனம் என்று எடுத்துக்கொண்டீர்கள். வெனிஸிலிருந்து மலாக்கா வரை சொந்த வயல் இல்லாத எந்தத் துறைமுக நகரத்துக்கும் முதல் கவலை அதுதான். வரலாற்றுப் பாடத்தில் நாம் அரசர்களின் பட்டியலைப் படித்தோம். அவள் சோற்றிலிருந்து தொடங்கியிருக்கிறாள்.

அடுத்தது மழைக்காலம். மாஹிம் கோலிவாடாவில் ஆனி, ஆடியில் படகுகள் கரையேறி நிற்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் ஏழ்துறையில் கப்பல் நகராது என்று அவர்களே முடிவு செய்தார்கள். வந்த வணிகர்கள் காற்று மாறும்வரை ஊரிலேயே கிடக்க வேண்டும். சும்மா கிடப்பவர்கள் என்ன செய்வார்கள்? கடன் வழக்கைத் தீர்ப்பார்கள், கல்யாணம் செய்வார்கள், சமைத்துப் பார்ப்பார்கள். ஆகவே ஊரின் நீதிமன்றம் மழைக்காலத்தில்தான் கூடும், ஏனென்றால் அப்போதுதான் வாதியும் பிரதிவாதியும் ஒரே ஊரில் இருப்பார்கள். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. காற்றுக்காகக் காத்திருந்த வணிகர்களால்தான் இந்தியப் பெருங்கடலின் துறைமுகங்களில் அத்தனை கலப்புக் குடும்பங்கள் உண்டாயின என்பதைப் பிறகுதான் சொன்னேன்.

காசும் அப்படித்தான். ஏழ்துறை தனக்கென்று காசு அடிக்கவில்லை. எந்த நாட்டுக் காசானாலும் எடை போட்டு வாங்கும். புதுக்கோட்டையில் கிடைத்த ரோமப் பொற்காசுகள் பலவற்றில் அரசன் முகத்தின் மேல் வெட்டு விழுந்திருக்கிறது என்று படம் காட்டியிருந்தேன். அதிலிருந்து வந்த யோசனை. சேர நாட்டுத் துறைமுகமான முசிறியின் வணிகத்துக்காக எழுதிய ஒரு கடன் ஒப்பந்தம் கிரேக்க மொழியில், பாப்பிரஸில், 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, இன்று வியன்னாவில் இருக்கிறது. அதைப் பார்த்து இரண்டு பிள்ளைகள் ஏழ்துறைக்கு ஒரு கடன் பத்திரம் எழுதினார்கள். கப்பல் மூழ்கினால் நட்டம் யாருக்கு என்று இரண்டு வாரம் சண்டை. அந்தப் பத்திரத்தின் மேல்தான் ‘நல்வரவு’ ஒட்டியிருந்தீர்கள்.

சரி, பூம்புகாருக்கு வருகிறேன். காவிரிப்பூம்பட்டினத்தைப் பற்றிப் பட்டினப்பாலை சொல்வது நமக்குக் கிடைத்த பெரும் செல்வம். அதைப் படித்த ஒருவராவது அந்தத் தலைப்பைத் தடுத்திருக்கலாம். அந்தப் பாட்டே கரிகாலனைப் பற்றியது. மன்னர் இல்லாத ஊருக்கு எப்படி அந்தப் பெயர் பொருந்தும்? துறைமுகத்தில் குவிந்த பொதிகளில் சோழனின் புலிச் சின்னத்தைப் பொறித்துத்தான் வெளியே விட்டார்கள் என்கிறது பாட்டு. ஏழ்துறையின் சின்னம் தராசு. சீட்டுக் குலுக்குவது உத்திரமேரூர்க் கல்வெட்டிலிருந்து வந்தது; முதலாம் பராந்தகன் காலம், 10ஆம் நூற்றாண்டு. அதுவும் ஒரு பிராமண ஊரின் சபைக்கு, நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டும். பிள்ளைகள் அந்த நிபந்தனைகளைப் படித்துவிட்டு, ‘எங்கள் ஊரில் இவை வேண்டாம்’ என்று காரணத்தோடு எழுதியிருந்தார்கள். வெனிஸின் தலைவரைத் தேர்ந்தெடுக்க 1268 முதல் சீட்டும் வாக்கும் மாறி மாறி வைத்தார்கள் என்பதையும் கேட்டு, இரண்டையும் கலந்தார்கள். நூறு என்ற எண் ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் பெயரைக் கேட்டு வந்தது: “நம்ம ஊர் சின்னது, நூறு போதும்.” இவ்வளவு வெளிப்படையாகக் கற்பனை செய்ததை எடுத்து, ஒரு ஃபிளக்ஸால் பொய் வரலாறாக மாற்றிவிட்டீர்கள். நாளை யாராவது ஆதாரம் கேட்டால் எந்தப் பிள்ளையின் நோட்டைக் காட்டுவீர்கள்?

‘ஊரார் அனைவரும் தூய தமிழே பேசினர்’ என்று நீங்கள் சேர்த்த வரியையும் சொல்லியாக வேண்டும். பிள்ளைகளின் ஊரில் நான்கு துறைத்தலைவர்கள், ஒவ்வொருவரும் சில நாட்டு வணிகர்களுக்குப் பொறுப்பு. அது 1511இல் போர்த்துகீசியர் பிடிப்பதற்கு முன் மலாக்காவில் இருந்த ஏற்பாடு. அங்கே 84 மொழிகள் கேட்கும் என்று தொமே பிரெஸ் என்ற போர்த்துகீசியர் எழுதிவைத்தார். அவ்வளவு தூரம் போக வேண்டாம். பல மொழி பேசும் வேற்று நாட்டார் கலந்து இனிதாக வாழும் ஊர் என்று பட்டினப்பாலையே பெருமைப்படுகிறது. சீனத் தளபதி செங் ஹ இலங்கையின் காலி நகரில் நாட்டிய, 1409 என்று தேதியிட்ட கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் இருக்கின்றன. கடல் வணிகத்தில் தமிழுக்கு மதிப்பு இருந்ததால்தான் அந்தக் கல்லில் அதற்கு இடம் கிடைத்தது. பக்கத்தில் இரண்டு மொழிகள் இருப்பதால் அது குறைந்துவிடவில்லை. பள்ளியில் மராத்தி, தெருவில் இந்தி, வீட்டில் திருநெல்வேலித் தமிழ் என்று வாழும் பிள்ளைகளிடம் போய், நல்ல ஊர் என்றால் ஒரே மொழிதான் என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். சுமைகாரர் அட்டையைத்தான் முடியவில்லை.

அதை எழுதியவள் எட்டாம் வகுப்புப் பெண். அப்பா வாஷி மொத்தச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். மூட்டை தூக்குகிறவர்களுக்கான மாத்தாடித் தொழிலாளர் சட்டம் இந்த மாநிலத்தில் 1969இல் வந்தது. கூலியோடு சேர்த்து முதலாளி ஒரு பங்கை வாரியத்தில் கட்ட வேண்டும். வருங்கால வைப்பு நிதி, போனஸ், விடுப்பு எல்லாம் அதிலிருந்து வரும். பதிவு உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் என்ன வித்தியாசம் என்பது அந்த வீட்டில் சாப்பாட்டு நேரப் பேச்சு. அவள் அதை ஏழ்துறைக்குக் கொண்டுபோனாள். மழை மாதங்களில் கப்பல் வராது, கப்பல் வராவிட்டால் சுமைகாரருக்குக் கூலி கிடையாது. வணிகருக்குக் கிடங்கில் சரக்கு இருக்கும், சுமைகாரர் வீட்டில் என்ன இருக்கும் என்று கேட்டு எழுதியிருந்தாள். ஒரு வருடம் கப்பல்கள் திரும்பி வரும் முதல் நாளில் சுமைகாரர்கள் யாரும் துறைக்குப் போகவில்லை. மிளகு நனைகிறது, குதிரைகள் இறங்க முடியாமல் கப்பலில் நிற்கின்றன. மூன்றாம் நாள் நூற்றுவர் கூடி, இனி ஒவ்வொரு கப்பலும் இறக்கும் சரக்கில் ஒரு பங்கு மழைக்கால நிதிக்கு என்று ஆணை போடுகிறார்கள். சுமைகாரர் ஒவ்வொருவர் பெயரும் துறையில் ஒரு கல்லில் ஏறுகிறது. அந்தக் கல்லை அவள் வரைந்திருந்தாள். அதில் நாற்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள், எல்லாம் அவள் தெருவில் இருப்பவர்களின் பெயர்கள்.

இது அரசியல், பொங்கலுக்கு வேண்டாம் என்றீர்கள். நன்கொடையாளர்களில் வியாபாரிகள் இருக்கிறார்கள் என்றீர்கள். விழா அன்று காலை அந்தப் பெயர்க்கல்லின் மேல் ஒரு மசாலா விளம்பர ஸ்டிக்கர். விடுப்பு எடுத்துக்கொண்டு அப்பா வந்திருந்தார். எந்த அட்டை உன்னுடையது என்று கேட்டார். அவள் மசாலாப் பொட்டலத்தைக் காட்டினாள். அந்த நேரத்தில் மேடையில் சிறப்பு விருந்தினருக்கு இரண்டாவது பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தீர்கள்.

அதற்குப் பிறகு அவள் வகுப்புக்கு வரவில்லை. வேறு மூன்று பேரும்.

பொன்னாடை என்றதும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. சங்கத்து நூலகம் எப்போது திறக்கும்? அதில் இப்போது பந்தி அண்டாக்களும் நாற்காலிகளும் இருக்கின்றன, பிள்ளைகள் மாடிப்படியில் உட்கார்ந்து படிக்கிறார்கள். வருடம் தவறாமல் தமிழர் பெருமை என்று பட்டிமன்றம் வைக்கிறோம். நடுவருக்குச் சென்னையிலிருந்து விமானம். விழா மலரில் எண்பது பக்கம் விளம்பரம், நான்கு பக்கம் தலைவரின் படங்கள், ‘இளந்தளிர்’ என்று பிள்ளைகளுக்கு அரைப் பக்கம். இந்தத் தலைமுறை தமிழ் படிப்பதில்லை என்று மேடையில் வருந்துகிறீர்கள். படித்தவர்கள் எழுதிய அட்டைகள் மாடிப்படிக்குக் கீழே ஏணிக்குப் பின்னால் கிடக்கின்றன. தமிழர் கடல் வணிகத்தைப் பற்றி அடுத்த பட்டிமன்றம் வைத்தால், மூட்டை இறக்கியவர் யார் என்று ஒரு அணியாவது பேசட்டும்.

போதும். இதெல்லாம் பொதுக்குழுவில் பேச வேண்டியவை, அங்கே பேசுகிறேன். இந்த மடல் ஏழ்துறைக்காக மட்டும். மறுபடியும் பணிவோடு கேட்கிறேன்: பிள்ளைகள் எழுதியபடியே, கற்பனை என்ற அட்டையோடு, சித்திரை விழாவில் அதை மாட்டுங்கள். ஒரு சொல்கூடத் திருத்த வேண்டாம், விட்டுப்போன அந்தப் புள்ளியை வேண்டுமானால் அவனே வைத்துக்கொள்வான். வாட்ஸ்அப்பில் போன படத்துக்கு, அது பூம்புகார் அல்ல, எங்கள் வகுப்புப் பிள்ளைகளின் கற்பனை என்று சங்கத்தின் பெயரில் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். சிறப்பு விருந்தினரிடம் எப்படிச் சொல்வது என்ற தயக்கம் இருந்தால் என் மேல் போட்டுவிடுங்கள், பரவாயில்லை.

ஸ்டிக்கரைப் பற்றிக் கவலை வேண்டாம். ஹேர் டிரையர் காட்டினால் பசை இளகி உரிந்துவிடும், முன்பே ஓர் அட்டையில் செய்து பார்த்துவிட்டேன். ஏணி அறைச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்து வையுங்கள். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு நானும் சில பெற்றோரும் வருகிறோம்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
ஞாயிறு தமிழ் வகுப்பு ஆசிரியை ஒருத்தி
மும்பை