வாசிகசாலைக் கூரை ஒழுக்கைத் திருத்தித் தரக் கோரும் மூன்றாவது மனு

பொறுப்பதிகாரி அவர்கள்,
கொழும்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

முன்பு தந்த இரண்டு மனுக்களுக்கும் ஒரு வரிப் பதிலும் வரவில்லை. தங்களுக்கு வேலைப்பளு அதிகம் என்பதை அறிவோம். ஆகவே பணிவோடு மீண்டும் எழுதுகிறோம்.

1. இடம் தாங்கள் அறிந்ததே. கோயில் மதிலோடு திரும்பினால் வரும் பழைய கட்டடம். போன வருடம் தாங்கள் விளக்கேற்றிய மண்டபத்துக்கு அடுத்த அறை.

2. தமிழ் வரலாற்று அலுமாரிக்கு நேர் மேலே நாலு தகடு வெடித்திருக்கிறது. மழை பெய்தால் வாளி வைக்கிறோம்.

3. நனைந்தவற்றில் எங்களை அதிகம் நோகச் செய்வது யாழ்ப்பாண இராச்சியம் பற்றிய பழைய தொகுதி. கடைகளில் இப்போது கிடைக்காதது. அதில் அந்த இராச்சியத்தைக் கடைசியாக ஆண்ட சங்கிலி குமாரன் (சங்கிலியன்) பற்றிய பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒருத்தி, "சேர், சங்கிலியன் அரசனா இல்லையா?" என்று கேட்டாள். புத்தகத்தைத் திறந்து காட்ட முடியவில்லை, வாயால்தான் சொன்னேன். 1617இல் யாழ்ப்பாண அரசன் எதிர்மன்னசிங்கன் இறந்தபோது இளவரசனுக்குப் பராயம் வரவில்லை. ஆட்சியைப் பார்க்க இருந்தவர் அரசகேசரி, இரகுவம்சத்தைத் தமிழில் பாடிய புலவர். அவரைக் கொன்று வாள்முனையில் அந்த இடத்தைப் பிடித்தவர் சங்கிலி. போர்த்துக்கேயரும் அவரை அரசனாக ஏற்கவில்லை, இளவரசனுக்காக ஆள்பவராகத்தான் வேண்டாவெறுப்பாக ஏற்றார்கள். நம் கந்தோர் மொழியில் 'பதில்' கடமை. அடுத்த வருடமே கிளர்ச்சி. தஞ்சை நாயக்கரிடம் படை கேட்டு அதை அடக்கினார். 1619இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் டி ஒலிவேரா படையோடு வந்தபோது கடல் வழியாகத் தப்பப் பார்த்துப் பிடிபட்டார். கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். அத்தோடு யாழ்ப்பாண அரசும் முடிந்தது. நல்லூரில் சிலை வைத்து வீரன் என்கிறோம், அரசகேசரியை ஏன் கொன்றான் என்று அந்தப் பிள்ளை கேட்கிறாள். இரண்டையும் சேர்த்துப் படிக்கத்தானே ஐயா புத்தகம்!

4. தொலைபேசியில் கேட்டால் "எஸ்டிமேட் போட்டாச்சு" என்கிறார்கள். எட்டு மாதமாக அதே எஸ்டிமேட். பொறுப்பானவர் யார் என்றால், அவர் மாற்றலாகிப் போய்விட்டார், இப்போது இருப்பவர் பதில் உத்தியோகத்தராம். பதில் ஆள் இருக்கிறார், பதில்தான் இல்லை! சங்கிலி ஆண்டதே இரண்டு வருடம். அதற்குள் ஒரு கிளர்ச்சியை அடக்கி, ஒரு படையெடுப்பையும் கண்டுவிட்டார். நாலு தகடு மாற்ற இங்கே எத்தனை வருடம் வேண்டும்?

கோபத்தில் எழுதியதை மன்னிக்கவும்.

5. தகடு.

6. ஐயா, திரும்பவும் கேட்கிறோம். அடுத்த மழைக்கு முன் அந்த நாலு தகட்டையாவது மாற்றித் தாருங்கள். அதுவும் முடியாதென்றால் அலுமாரியை எதிர்ச் சுவருக்கு நகர்த்த எழுத்தில் அனுமதி தாருங்கள். அனுமதியில்லாமல் தளபாடத்தைத் தொடக்கூடாது என்று அறிவித்தல் ஒட்டியிருக்கிறது. தூக்கிவைக்க ஆட்கள் இருக்கிறோம், லொறிக் கூலிகூட வேண்டாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியரும் வாசகர்களும்
(கையொப்பங்கள் பின்பக்கம். மூன்று பெயர்களில் மை கரைந்திருக்கும். ஒழுக்குக்குக் கீழே இருக்கும் மேசையில் வைத்துத்தான் ஒப்பமிட்டோம்.)