பதினாறு வயதில் பத்துக் குழந்தைகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இதழில் அமெரிக்கக் கோடை முகாம்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். யூத முகாம்களைப் பற்றிச் சொல்லும்போது, பதினாறு வயதுப் பிள்ளைகளிடம் சம்பளமில்லாமல் வேலை வாங்குகிறார்கள், அதற்குப் பெற்றோரே பணமும் கட்டுகிறார்கள் என்று கட்டுரையாளர் பாதி கேலியாக எழுதியிருந்தார். பணம் கட்டுவது நிஜம்தான், பல முகாம்களில் கட்டணத்தைக் கொஞ்சம் குறைப்பார்கள், அவ்வளவே. ஆனால் அந்தப் பிள்ளைகள் அங்கே என்ன கற்கிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை.

நான் நியூஜெர்சியில் இருக்கிறேன். பக்கத்து வீட்டு யூதக் குடும்பத்துப் பெண் ஒன்பது வயதிலிருந்து கோடைதோறும் பென்சில்வேனியாவில் போக்கனோ மலைப்பக்கம் ஒரு முகாமுக்குப் போகிறவள், போன வருஷம் பத்தாம் வகுப்பு முடித்ததும் அங்கேயே கவுன்சிலர், அதாவது முகாமில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர், ஆவதற்கான பயிற்சியில் சேர்ந்தாள். கவுன்சிலருக்கு எபிரேயத்தில் மத்ரிக், பெண் என்றால் மத்ரிகா. 'வழி' என்ற சொல்லிலிருந்து வந்தது, அப்படியே நம் வழிகாட்டிதான்.

பயிற்சி முடிந்து தொண்டை கட்டிப்போய் வந்தவள் எங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து சொன்னாள்: ராத்திரி ஒரு குழந்தை அம்மா வேண்டும் என்று அழுதால் 'நாளைக்கும் அழுகை வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன்' என்று வாக்குக் கொடுக்கக் கூடாதாம், கொடுத்தால் அது மறுநாள் முழுக்க அந்த வாக்கையே நினைத்துக்கொண்டிருக்கும். தட்டில் சாப்பாட்டை வெறுமனே கிளறிக்கொண்டிருப்பது யார் என்று பார்க்க வேண்டும். எந்தக் குழந்தையோடும் மற்றவர் கண்ணில் படாத இடத்தில் தனியாக இருக்கக் கூடாது, அவசரத்துக்கு ஒரு நிமிஷம் என்றாலும். இதையெல்லாம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பத்துக் குழந்தைகள் தூங்கும் குடிலில் பெரிய கவுன்சிலருக்குத் துணையாக விட்டுவிடுகிறார்கள். சொந்த அறையில் துணி மடிக்காத பெண் அவள் (அவள் அம்மா சொன்னது, நான் சொல்லவில்லை).

அப்புறம் திஷா பஆவ். எருசலேம் ஆலயம் இடிந்ததை நினைத்துத் துக்கம் காக்கும் விரத நாள் அது. ஜூலையிலோ ஆகஸ்டிலோ வரும், அப்போது பள்ளி இருக்காது, அதனால் பல அமெரிக்க யூதப் பிள்ளைகளுக்கு அந்த நாள் பழக்கமாவதே முகாமில்தான். முதல் நாள் பொழுது சாய்ந்ததும் எல்லோரும் தரையில் உட்கார்ந்து மங்கிய வெளிச்சத்தில் யூத வேதத்திலுள்ள புலம்பல் நூலைப் படிக்கிறார்கள். ஏன் தரையில் என்று சின்னதுகள் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது இவள்தான். மறுநாள் சின்னக் குழந்தைகளுக்கு விரதமில்லை, இவளுக்கு உண்டு. தண்ணீர்கூடக் குடிக்காமல் மதியம் அவர்களுக்குப் பரிமாறியிருக்கிறாள். பெரியவர்கள் பத்து வருஷம் வகுப்பெடுத்தாலும் இது வருமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இன்னொன்று, இந்த முகாம்கள் வசதியானவர்களுக்காகவே வந்தவை என்பதுபோல எழுதியிருக்கிறார். நியூயார்க் மாநிலத்தில் சர்ப்ரைஸ் லேக் முகாம் 1902-இல் தொடங்கியது நகர நெரிசலில் வாழ்ந்த ஏழைக் குடியேறிகளின் பையன்களுக்காக. விஸ்கான்சினில் 1947-இல் வந்த ராமா முகாமை யூத மதத்தின் கன்சர்வேட்டிவ் பிரிவினர் நடத்தியது எபிரேயம் கற்றுக்கொடுப்பதோடு அடுத்த தலைமுறைத் தலைவர்களையும் உருவாக்கத்தான். இன்றைக்குப் பல ஆயிரம் டாலர் ஆகிறது, உதவித்தொகை இருந்தும் நிறையப் பேருக்கு எட்டாது என்பதைச் சரி என்று ஒத்துக்கொள்கிறேன். அதைக் குறை சொல்லியிருந்தால் நானும் சேர்ந்து கைதட்டியிருப்பேன்.

கடைசியாக, யூத முகாமில் குழந்தைகள் சீஸ் பர்கர் சாப்பிடுவதாக எழுதியிருக்கிறார். இறைச்சியையும் பால் பொருளையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்பது அவர்கள் உணவு விதி. நான் இதைச் சொன்னதும் அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் காபி கொட்டிவிட்டது. அதையாவது திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், நியூஜெர்சி