நக்தின் கல்லறையில் மூன்று வாத்தியக்காரிகள்

லக்சர், மேற்குக் கரை
மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். சென்ற வாரம் பேசும்போது, பிரமிடைத் தவிர எகிப்தில் பார்ப்பதற்கு என்னதான் இருக்கிறது என்று கேட்டீர்கள். பிரமிடுகள் வடக்கே கெய்ரோ பக்கம் இருக்கின்றன. நான் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை. நான் கணக்கு எழுதும் விடுதியின் மாடியில் நின்றால் தெரிவது ஒரு மொட்டை மலை. அந்த மலையைக் குடைந்து, மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அதிகாரிகளும் பூசாரிகளும் தங்களுக்கெனக் கல்லறை அமைத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை இங்கே வார விடுமுறை. ஆகவே வெள்ளிதோறும் காலையில், வெயில் ஏறுவதற்குள், ஏதாவது ஒரு கல்லறையைப் பார்த்துவிட்டு வருகிறேன். அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் உங்களுக்கு விரிவாக எழுத வேண்டும் என்று இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நக்த் என்பவருடைய கல்லறை அது. கி.மு. 1400 வாக்கில் வாழ்ந்தவர்; ஆமோன் என்ற தெய்வத்தின் கோயிலில் விண்மீன்களைப் பார்த்து நாழிகை சொல்வது அவருடைய உத்தியோகம். அவருடைய மனைவி தாவி அதே கோயிலின் பாடகி. காலசந்திக்கும் அர்த்தஜாமத்துக்கும் கோயிலில் நாகசுரம் வாசித்தே காலத்தைக் கழித்த உங்களுக்கு இந்தத் தம்பதியை நான் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஓவியம் உள்ளது ஒரே ஓர் அறையில்தான். நம் வீட்டுக் கூடத்தைவிடச் சிறியது. ஆனால் உழவும் அறுவடையும், திராட்சை மிதிப்பதும், பறவை பிடிப்பதும், விருந்தும் அந்தச் சுவர்களிலே அடங்கிவிட்டன. நாற்காலிக்கு அடியில் ஒரு பூனை உட்கார்ந்து மீன் தின்றுகொண்டிருப்பதைப் பார்த்து, நம் வீட்டுத் திருட்டுப் பூனையை நினைத்துச் சிரித்துவிட்டேன்.

விருந்துக் காட்சியில் மூன்று பெண்கள் நிற்கிறார்கள். ஒருத்தி தன் உயரத்துக்கு இருக்கும் யாழை மீட்டுகிறாள். அது வில்லாக வளைந்த யாழ். பழைய நூல்களில் நாம் படிக்கும் வில்யாழ் எப்படி இருந்திருக்கும் என்பதை இதைப் பார்த்த பிறகுதான் மனத்தில் உருவகப்படுத்திக்கொள்ள முடிந்தது. இன்னொருத்தி இரட்டைக் குழல் ஊதுகிறாள். நடுவில் இருப்பவள் நீண்ட கழுத்துடைய ஒரு தந்தி வாத்தியத்தை நெஞ்சோடு அணைத்து வாசித்தபடியே ஆடுகிறாள். இடுப்பில் ஒரு மணிவடமும் கழுத்தில் ஆரமும் தவிர அவள் உடம்பில் ஆடை இல்லை. அவள் முகம் பின்பக்கம் திரும்பியிருக்கிறது. கச்சேரியின் நடுவே நீங்கள் தவில்காரரைத் திரும்பிப் பார்ப்பீர்களே, அதே திரும்பல். அந்த ஓவியனுக்கு மேளம் கேட்ட காது இருந்திருக்க வேண்டும் என்று அந்த இடத்தில் நிச்சயமாகத் தோன்றியது. அதே கல்லறையில் கண் தெரியாத கிழவர் ஒருவரும் தரையில் அமர்ந்து யாழ் மீட்டுகிறார். வயிற்றில் மடிப்பு மடிப்பாகச் சதை விழுந்திருப்பதைக்கூட ஓவியன் விடவில்லை.

இவர்கள் வாசித்த இசை எப்படி ஒலித்தது என்பதை அறிய வழியில்லை. பாட்டின் சொற்களைச் சுவரில் எழுதி வைத்த இம்மக்கள், ஸ்வரத்தைக் குறித்து வைக்கும் பழக்கம் இல்லாமலே இருந்துவிட்டார்கள். மிஞ்சியிருப்பவை கைகள்தாம். கெய்ரோவை அடுத்த சக்காரா பக்கத்துப் பழைய கல்லறைகளில், யாழ்க்காரருக்கு எதிரே பாடகர் அமர்ந்து, ஒரு கையைக் காதோரம் வைத்துக்கொண்டு, மறு கை விரல்களை மடக்கியும் நீட்டியும் ஏதோ காட்டுவதாகப் பல சித்திரங்கள் உண்டு. கெய்ரோவில் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஹான்ஸ் ஹிக்மன் என்ற ஜெர்மானியர், பாடகர் அவ்வாறு ஸ்வரத்தைச் சுட்டிக்காட்டினார் என்று வாதிட்டார். எல்லோரும் அதை ஏற்கவில்லை. அந்தப் பாடகர் தாளம்தான் போட்டிருப்பார் என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. நெபமுன் என்பவரின் கல்லறைச் சுவர்களை 1820 வாக்கில் துண்டு துண்டாக வெட்டி எடுத்துப் போய்விட்டார்கள். அவை இப்போது லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, அந்தக் கல்லறை எந்த இடத்தில் இருந்தது என்பதே மறந்துபோயிற்று. அந்தத் துண்டுகளில் உள்ள விருந்துச் சித்திரத்திலும் இருவர் ஆடுகிறார்கள், ஒருத்தி குழல் ஊதுகிறாள், பக்கத்தில் இருப்பவர்கள் கை தட்டுகிறார்கள். நான் பார்த்த அளவில், ஆட்டம் இருக்கும் இடங்களிலெல்லாம் பெரும்பாலும் கை தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பாட்டின் சொற்கள் கிடைத்திருக்கின்றன என்றேன் அல்லவா? செத்துப்போனவர் யாரும் திரும்பி வந்து சேதி சொன்னதில்லை, ஆகவே இருக்கும் நாளில் நெஞ்சு விரும்பியபடி இன்பமாக இரு என்பது யாழ்க்காரர் பாட்டு ஒன்றின் சாரம். கல்லறைக்குள்ளேயே இப்படிப் பாடலாமா என்று அந்தக் காலத்திலேயே சிலருக்குக் கோபம் வந்திருக்கிறது. நெஃபர்ஹோதெப் என்ற பூசாரியின் கல்லறையில் எழுதியிருக்கும் ஒரு பாட்டு, இம்மையை உயர்த்தி மறுமையைத் தாழ்த்தும் பழைய பாட்டுகளைக் கேட்டிருக்கிறேன், அது ஏன் என்று வெளிப்படையாகவே சண்டைக்கு வருகிறது. நம் ஊர்ச் சபாக்களின் சாகித்தியச் சர்ச்சை இதற்கு முன் எம்மாத்திரம்!

இனிச் சொல்லப் போவதுதான் உங்களுக்கு முக்கியம். சென்ற வியாழக்கிழமை, எங்கள் விடுதிச் சமையற்காரர் தம் மகன் கலியாணத்துக்கு என்னை அழைத்திருந்தார். தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். பெண்கள் குலவையிட்டார்கள், அப்பா. நாக்கைச் சுழற்றி, நம் ஊர்ப் பொங்கலில் இடுவது போலவே. சற்று நேரத்தில் மிஸ்மார்காரர்கள் வந்தார்கள். மிஸ்மார் என்பது நாகசுரத்தின் சின்னத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்: மரக்குழல், வாயில் சீவாளி, முன்னே விரிந்த அணைசு. ஒருவர் ராகம் பிடிக்க, இன்னொருவர் ஒரே ஸ்வரத்தை விடாமல் இழுத்துக்கொண்டிருந்தார், அசல் ஒத்து! கூடவே தோளில் மாட்டிய பெரிய மேளம், ஒரு பக்கம் தடித்த கோலாலும் மறு பக்கம் மெல்லிய குச்சியாலும் அடிக்கிறார்கள். அந்த அடிக்கு ஆண்கள் நீண்ட கம்பை எடுத்துச் சுற்றி ஆடினார்கள். தஹ்தீப் என்று அதற்குப் பெயர். இங்கிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள கெரூஃப் என்பவரின் கல்லறையில், மூன்றாம் அமென்ஹோதெப் மன்னரின் விழாவில் கம்போடு மோதுகிறவர்களையும், முடி முன்னே விழக் குனிந்து ஆடும் பெண்களையும் செதுக்கியிருக்கிறார்கள். அதைப் பார்த்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அதிலிருந்து இதுவரை அறுபடாமல் வந்ததா என்று நான் வாதிட மாட்டேன். கையில் கம்பும் எதிரே கை தட்டும் கூட்டமும் இருந்தன என்பது மட்டும் உண்மை.

அரை மணி நேரம் பதிவு செய்து தம்பியின் கைபேசிக்கு அனுப்பியிருக்கிறேன். சாயங்காலம் சாதகம் முடிந்த பிறகு கேளுங்கள். ஒத்து ஊதுகிறவர் கன்னம் இரண்டும் உப்பியபடியே நின்றார். எந்த இடத்தில் மூச்சு எடுக்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள். அவரிடம் போய்ச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

உங்கள் அன்பு மகன்