முன் டயரைத் தடவிப் பார்

ஸ்ரீராமபுரம்,
பெங்களூரு.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அப்பாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. சின்னவளுக்குத் தமிழ் எழுத்து இப்போது நன்றாக வருகிறது. உறையில் முகவரி எழுதியிருப்பது அவள்தான், அப்பாவிடம் காட்டு.

சங்ககிரியில் தெருவுக்குத் தெரு பட்டறை இருக்கும்போது, உன் லாரியின் முன் டயர் தேயும் விஷயத்தை என்னிடம் கேட்டிருக்கிறாய். அந்த உரிமைக்காகவே விரிவாக எழுதுகிறேன்.

முன் டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்டை, அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தை, சந்தேகப்படலாம். நீ சொல்வது வேறு: டயரைச் சுற்றிக் குழி குழியாகத் தேய்கிறது, அலைன்மென்ட் இரண்டு முறை பார்த்தும் தீரவில்லை. சக்கர பேரிங் தளர்ந்தாலும், பேலன்ஸ் கெட்டாலும் அப்படித் தேயும், அவற்றையும் பார்த்துவிடு. ஆனால் என் சந்தேகம் ஷாக் அப்சார்பர் மேல்தான். அது ஆட்டத்தைப் பிடித்து நிறுத்தவில்லை என்றால் சக்கரம் சாலையோடு ஒட்டி ஓடாமல் குதித்துக் குதித்து ஓடும். விழுந்து உரசும் இடமெல்லாம் குழியாகும்.

சுமையைத் தாங்குவது கமான் பட்டை. அமுங்கிய பட்டை மறுபடி எழும்பி ஆடும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே இருக்கும் எண்ணெயைச் சின்னத் துளைகள் வழியே பிஸ்டன் தள்ளுகிறது. ஆட்டம் சூடாக மாறி வெளியேறுகிறது. பல அடுக்குப் பட்டைகள் ஒன்றோடொன்று உரசி ஓரளவு ஆட்டத்தைத் தாங்களே தின்றுவிடும். அதனால்தான் நம் லாரிகள் பலவற்றில் பின்னால் ஷாக்கே கிடையாது. உன் புது வண்டியின் முன்பக்கம் இருப்பதோ பாரபோலிக் பட்டை. இரண்டு மூன்று இலைதான், நடுவில் இடைவெளி, உரசல் மிகக் குறைவு. ஆட்டத்தை அடக்கும் வேலை முழுக்க ஷாக்கின் தலையில் விழுகிறது.

எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்று கேட்டிருக்கிறாய். கனரக லாரிக்கு ஒன்றரை லட்சம் மைல், அதாவது சுமார் 2,40,000 கிலோமீட்டர் என்று ஒரு வெளிநாட்டுக் கணக்கு உண்டு. அதை நம்பி உட்கார்ந்திருக்காதே. ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் ஷாக் ஆயிரம் தடவைக்கு மேல் ஏறி இறங்குகிறது. நாற்கரச் சாலையிலேயே ஓடும் வண்டியும் கல்குவாரிக்குள் போய்வரும் வண்டியும் ஒரே கணக்கில் அடங்குமா? ஒவ்வொரு சர்வீஸிலும் கையால் பார்த்துவிடுவதுதான் சரி.

எனக்கு இது புரிந்த விதத்தைச் சொல்கிறேன். யஷ்வந்த்பூரிலிருந்து சேலத்துக்குப் போகும் எங்கள் லாரியின் ஓட்டுநர் அண்ணன், இடுப்பு வலிக்கிறது என்று எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வயதுதான் காரணம் என்று நினைத்துவிட்டேன். வண்டியின் அடியில் பார்த்தால் எண்ணெய்க் கசிவும் இல்லை. ஒரு நாள் நானே கேபினில் ஏறிக்கொண்டேன். கிருஷ்ணகிரி தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கியது. ஹெட்லைட் வெளிச்சம் சாலையில் மேலும் கீழுமாக ஆடியது. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் முன்பக்கம் குனிந்து, எழுந்து, மறுபடியும் குனிந்தது. இறங்கியதும் ஒரு டீக்கடையில் நிறுத்தி, முன் ஷாக் இரண்டையும் தொட்டுப் பார்த்தேன். ஒன்று நல்ல சூடு. மற்றது இரவெல்லாம் நின்ற வண்டியில் இருப்பதுபோல் சில்லென்று இருந்தது. வேலை செய்யாததற்குச் சூடு ஏது? எண்ணெய் அப்படியே இருக்க, உள்ளே வால்வு போயிருக்கிறது. எட்டு மாதம் அந்த வேலையை அவருடைய முதுகு செய்திருக்கிறது. இன்றும் அதை நினைத்தால் மனம் கூசுகிறது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஷாக் சாகும். தினமும் ஓட்டுபவருக்கு அந்த ஆட்டம் பழகிவிடும்.

நீயும் அப்படியே செய். மேடு பள்ளமான சாலையில் இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டுப் பார். புறங்கையை மெல்ல வை, பிடித்தால் சுட்டுவிடும். மேலே மெல்லிய எண்ணெய்ப் பூச்சில் தூசி ஒட்டியிருப்பது குறையில்லை. எண்ணெய் ஈரமாக வழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஷாக்கை மாட்டும் இடத்தில் இருக்கும் ரப்பர் புஷ் நைந்து 'டொக் டொக்' என்று சத்தம் வருகிறதா, குழாய் நசுங்கியிருக்கிறதா என்பதையும் பார். மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்று. புதிதை மாட்டும் முன் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை இழுத்து அமுக்கச் சொல். உள்ளே இருக்கும் காற்று விலகும்.

உன் மைத்துனரிடமும் சொல். அவர் பஸ்ஸில் பட்டைக்குப் பதிலாக இருப்பது காற்றுப் பை. அது அளவுக்கு மீறி நீளாமல் ஷாக்தான் இழுத்துப் பிடிக்கிறது. ஷாக் போனால் பையும் கிழியும்.

வண்டியின் மாடலும் வருடமும் எழுது. இங்கே உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டில் ஒரு ஜோடி ஷாக் வாங்கி எங்கள் லாரியிலேயே அனுப்பிவிடுகிறேன். கழற்றிய டயரை மட்டும் விற்றுவிடாதே. பொங்கலுக்கு வரும்போது அந்தக் குழிகளை நான் தடவிப் பார்க்க வேண்டும்.

உன் அன்பு நண்பன்