அவசர ஆணைக்கு காலாவதி தேதி எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல அவசரச் சட்டங்கள் பத்தி வந்த கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா குறி கொஞ்சம் தள்ளிப் போச்சோன்னு தோணுது. சபை கூடாத நேரத்துல ஆளுநர் போடுற அவசரச் சட்டத்துக்காவது அரசியல் சாசனத்துல ஒரு கடிவாளம் இருக்கு. பிரிவு 213 படி அதை சட்டமன்றத்துல உறுப்பினர்கள் பார்வைக்கு வைக்கணும், சபை கூடி 6 வாரத்துக்குள்ள நிறைவேத்தலைன்னா தானா காலாவதி. அதுக்கும் கீழ, துறைச் செயலாளர் கையெழுத்துல "பொதுநலன் கருதி, உடனடியாக அமலுக்கு வருகிறது"ன்னு வர்ற ஆணைகள் இருக்கே, அதை யாரு சார் பாக்குறாங்க? அதப்பத்தி கட்டுரையில ஒரு வரி இல்ல.

கொரோனா வந்த 2020ஐ எடுத்துக்குங்க. பார்லிமென்ட் மார்ச் 23ம் தேதி முடிச்சுக் கிளம்பிட்டாங்க, நம்ம சட்டமன்றம் மறுநாள். ரெண்டும் திரும்பக் கூடினது செப்டம்பர் 14. நடுவுல கிட்டத்தட்ட ஆறு மாசம் நம்மள ஆண்டது பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005ஐ வச்சுப் போட்ட ஆணைகள்தான். பக்கத்து மாவட்டத்துக்குப் போக இ-பாஸ், அதுக்கு கல்யாணமா சாவா ஆஸ்பத்திரியான்னு காரணம் சொல்லி, பத்திரிகையோ சர்ட்டிபிகேட்டோ அப்லோட் பண்ணி, ரிஜெக்ட் ஆனா ஏன்னு புரியாம திரும்ப அப்ளை பண்ணி, இப்படியே ஆகஸ்ட் 31 வரைக்கும் ஓடுச்சு. இந்த முறை தேவையான்னு சபையில ஒரு எம்.எல்.ஏ எழுந்து கேக்க வாய்ப்பு வந்தப்போ இ-பாஸே முடிஞ்சு போச்சு. ஊரடங்கே தப்புன்னு நான் சொல்ல வரல, அன்னைக்கு அவசரம் நிஜம்தான், வேகமா முடிவெடுக்கத்தான் வேணும். எடுத்த முடிவை அப்புறமா யாரும் திரும்பிப் பாக்க வேண்டாமாங்கறதுதான் கேள்வி.

சட்டத்துலயே ஒரு ஓட்டை இருக்கு. பேரிடர் சட்டம் பிரிவு 78 படி மாநில அரசு விதி போட்டா சட்டமன்றத்துல வைக்கணும். ஆனா கொரோனா காலத்துல வந்ததெல்லாம் பெரும்பாலும் ஆணை, வழிகாட்டு நெறிமுறை, அதையெல்லாம் வைக்கணும்னு அந்தப் பிரிவு சொல்லல. 1897ல வெள்ளைக்காரன் போட்ட தொற்றுநோய்ச் சட்டத்துல இந்தப் பேச்சே கிடையாது. சரி, வைக்கணும்னு எழுதியிருந்தா மட்டும் என்ன, 1979ல அட்லஸ் சைக்கிள் வழக்குல சுப்ரீம் கோர்ட், சபையில வைக்காததால மட்டும் ஒரு அரசு ஆணை செல்லாமப் போயிடாதுன்னு சொல்லிடுச்சு. அப்புறம் எந்த அதிகாரி பயப்படுவார்?

குஜராத்துல நடந்தது இன்னும் மோசம். 2020 ஏப்ரல் 17ம் தேதி அங்க தொழிலாளர் துறை ஒரு அறிவிக்கை போட்டு, ஃபேக்டரியில ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வேலை வாங்கலாம், ஓவர்டைமுக்கு டபுள் சம்பளம் வேண்டாம், சாதா ரேட் போதும்னு சொல்லிட்டாங்க. ஜூலையில மறுபடி நீட்டிச்சாங்க. தொழிற்சாலைச் சட்டத்துல போர், உள்நாட்டுக் கலவரம் மாதிரி நாட்டுப் பாதுகாப்புக்கே ஆபத்து வந்தா பயன்படுத்தறதுக்குன்னு அப்போ இருந்த பிரிவை வச்சுப் போட்டது அது. தொழிற்சங்கங்க கோர்ட்டுக்குப் போய், அக்டோபர் 1ம் தேதி சுப்ரீம் கோர்ட் ரெண்டு அறிவிக்கையையும் ரத்து பண்ணி, அந்தக் காலத்துக்கு ஓவர்டைம் காசையும் கொடுக்கச் சொன்னுச்சு. சந்தோஷம்தான், ஆனா அதுக்குள்ள அஞ்சு மாசத்துக்கு மேல ஓடிப்போச்சே. இதை சட்டமன்றக் குழு ஒண்ணு மே மாசமே கூப்பிட்டு விசாரிச்சிருக்கணுமா இல்லையா?

அமெரிக்காவுல இல்லினாய் மாநிலத்துல அவசர விதின்னா அதிகபட்சம் 150 நாள்தான். அதைப் பரிசீலிக்க ரெண்டு கட்சியிலயும் சரிபாதியா 12 பேர் கொண்ட சட்டமன்றக் குழு இருக்கு. 2020 மே மாசம் தடையை மீறிக் கடை திறந்தா குற்ற வழக்குன்னு சுகாதாரத் துறை ஒரு அவசர விதி போட்டுச்சு, அந்தக் குழு கூடற நேரம் வந்ததும் சில நாள்லயே வாபஸ் வாங்கிட்டாங்க. ஓட்டெடுப்பு வரைக்கும்கூட போகல. அதுக்காக குழுவுக்கே ரத்து பண்ற அதிகாரம் கொடுத்துடலாம்னு சொல்லல, அதுலயும் சிக்கல் இருக்கு. விஸ்கான்சின்ல அப்படி ஒரு குழு விதிகளை நிறுத்தி வச்சுக்கிட்டே இருந்ததை 2025 ஜூலையில அந்த மாநில சுப்ரீம் கோர்ட்டே செல்லாதுன்னு சொல்லிடுச்சு. ஆளுங்கட்சிக்கு மெஜாரிட்டி இருக்குற குழு என்னத்த கிழிக்கப்போகுதுன்னு நீங்க கேக்கலாம். கிழிக்கலைன்னாலும் பரவால்ல, அந்த ஆணையில கையெழுத்துப் போட்ட செயலாளர் நேர்ல வந்து உக்காந்து, ஏன் போட்டீங்க, எப்ப எடுப்பீங்கன்னு கேட்டா பதில் சொல்லணும், அது பதிவாகணும். இப்போ அதுகூட இல்லையே.

என்னைக் கேட்டா, எந்த அவசர ஆணையா இருந்தாலும் 90 நாள்ல தானா காலாவதியாகணும், தொடரணும்னா சபை ஒப்புதல் வாங்கணும். சபை கூட முடியலைன்னா குழுவாவது வீடியோ கால்ல கூடட்டும். ஸ்கூல் பசங்களே அப்படிப் படிச்சாங்க, எம்.பிக்களோட நிலைக்குழுக்களுக்கு மட்டும் அன்னைக்கு அந்த வழி கிடைக்கல.

உங்க பத்திரிகைக்கு ஒரு கோரிக்கை. "மறு உத்தரவு வரும் வரை"ன்னு 2020ல போட்ட மாநில ஆணைகள்ல எத்தனையை முறைப்படி வாபஸ் வாங்கினாங்கன்னு தகவல் உரிமைச் சட்டத்துல துறைவாரியா கேட்டு, வர்ற பதிலை அப்படியே வெளியிடுங்க. பதிலே வரலைன்னா அதையும் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சேலம்