ஆளை மாற்றினால் போதுமா?

ஆசிரியருக்கு,

நாலு ஆட்டம் தோற்றால் பயிற்சியாளரை அனுப்பிவிடுவதே கால்பந்து கிளப் முதலாளிகளின் உத்தியாகிவிட்டது. நம் சென்னையின் எஃப்.சி. கிளப்பில் 2020-21இல் பயிற்சியாளர் லாஸ்லோ, அடுத்த சீசனில் பந்தோவிச், அதற்கடுத்து பிரடாரிச், 2023இல் மறுபடியும் ஓவன் கோயல். இதே கோயல் 2019 டிசம்பரில் பாதியில் வந்து அணியை இறுதிப்போட்டிவரை கொண்டுபோனாரே என்று மாற்றத்தை ஆதரிப்பவர்கள் கேட்கிறார்கள். நியாயம்தான். ஆனால் அது எப்போதாவது விழும் தாயம்.

நான்கு தடுப்பாட்டக்காரர்களோடு ஆடிப் பழகிய அணியைப் புதியவர் மூன்றுக்கு மாற்றுகிறார் என்று வையுங்கள். ஓரத்தில் ஆடுபவர் ஒருவரே கோட்டின் முழு நீளமும் ஓட வேண்டும். அவர் முன்னேறியபோது பந்து பறிபோனால் பின்னால் அந்த இடம் காலி. நடு தடுப்பாட்டக்காரர் எப்போது நகர்ந்து மூடுவது, யார் அவர் இடத்துக்கு வருவது? இது கால்களுக்குப் பழக வாரக்கணக்காகும். சீசன் நடுவில் அதற்கு ஏது நேரம்? ஓய்வுக்கும் பயணத்துக்குமே நாள் சரியாக இருக்கும். கிளப்புகள் வீரர்களை வாங்க அனுமதியுள்ள பரிமாற்றக் காலமும் முடிந்திருந்தால், கேட்ட ஆளும் கிடைக்காது.

இங்கிலாந்தின் செல்சீ கிளப்பைப் பாருங்கள்: 2022-23 ஒரே சீசனில் டூக்கல், பாட்டர், லம்பார்ட் என மூன்று பயிற்சியாளர்கள் (நடுவே ஒரே ஆட்டத்துக்கு இன்னொருவர் வேறு!). கிடைத்தது 12ஆம் இடம்.

மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் சீசன் முடிந்ததும் மாற்றட்டும். உதவிப் பயிற்சியாளரையும் உடற்தகுதிப் பயிற்சியாளரையுமாவது விட்டுவைக்கட்டும்.

- ஒரு வாசகர், வியாசர்பாடி, சென்னை